அநுராதபுரமா? பொலன்னறுவையா?

இரண்டு நாள் லீவு. கையில் அளவான காசு. வகுப்பில் முப்பது பேர். "எங்கேயாவது பழைய இடமாப் பார்த்து ஒரு ட்ரிப் போவம்" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பத்து நிமிடத்துக்குள் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சிக்கு அநுராதபுரம், மற்றக் கட்சிக்குப் பொலன்னறுவை. சண்டை முற்றும் நேரத்தில் மூன்றாவதாக ஒரு சமாதானக் கட்சி எழும்பி, "ஏன் சண்டை? ரெண்டையும் பார்ப்பம். வழியில சிகிரியா, தம்புள்ளை, மிகிந்தலை" என்று பட்டியல் போடும். அநேகமாக இந்த மூன்றாவது கட்சிதான் வெல்லும். இலங்கையில் பாடசாலைச் சுற்றுலாவும் கம்பஸ் சுற்றுலாவும் பாழாய்ப் போவது பெரும்பாலும் அந்த வெற்றியால்தான்.

அந்தப் பட்டியல் சுற்றுலா எப்படி இருக்கும் என்பது போய்வந்த எல்லோருக்கும் தெரியும். இரவு பதினொரு மணிக்குப் பஸ் வெளிக்கிடும். பின் சீட்டில் விடிய விடியப் பாட்டும் தாளமும். காலையில் எல்லோரும் அரைத் தூக்கத்தில் ஏதோ ஒரு தாதுகோபத்தின் முன்னால் இறங்குவார்கள். பொறுப்பான ஆள் கையைத் தட்டி "அரை மணித்தியாலம்தான்!" என்பார். அதில் பதினைந்து நிமிடம் செருப்பைக் கழற்றுவதிலும் மிச்சம் குழுவாக நின்று படம் எடுப்பதிலும் போய்விடும். பிறகு பஸ், சோற்றுப் பார்சல், அடுத்த ஊர். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்க்கும்போது, பின்னால் வெள்ளையாகத் தெரியும் தாதுகோபத்தின் பெயர் என்ன, அது எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்ல ஒருவராலும் முடியாது. (பந்தயம் கட்டலாம்.)

இரண்டு ஊருக்கும் இடையில் தெருவழியே ஏறக்குறைய 100 கிலோமீற்றர். போய் வருகிற பயணத்தைக் கழித்தால் இரண்டு நாள் ட்ரிப்பில் உருப்படியாக மிஞ்சுவது ஒன்றரை நாள். அதற்குள் இரண்டு பழைய தலைநகரங்களையும் அடக்குவது இரண்டு பாடத்தை ஒரே இரவில் படிப்பது மாதிரித்தான். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். எடுக்க வேண்டியது பொலன்னறுவை.

உடனே ஒரு எதிர்ப்பு வரும். "பழையது அநுராதபுரம்தானே? பெரியதும் அதுதானே? முதலில் அதையல்லவா பார்க்க வேண்டும்?" பழையது என்பதும் உண்மை, பெரியது என்பதும் உண்மை. அந்த இரண்டு காரணத்துக்காகவேதான் குறுகிய பயணத்துக்கு அது சரிவராது.

அநுராதபுரம் 1,300 ஆண்டு தலைநகராக இருந்த ஊர். இலங்கையின் எழுதப்பட்ட வரலாற்றில் பாதிக்கு மேல் அங்கேதான் நடந்தது. ஜேதவனாராமய தாதுகோபம் கட்டப்பட்ட காலத்தில் சுமார் 122 மீற்றர் உயரம். உலகத்திலேயே அதைவிட உயரமாக அன்றைக்கு நின்றவை கீஸாவின் இரண்டு பெரிய பிரமிட்டுகள் மட்டும்தான். அதில் ஒன்பது கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் இருப்பதாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒன்றின் முன்னால் போய் நிற்கிற மாணவருக்கு என்ன தெரியும்? ஒரு பெரிய செங்கல் மலை தெரியும். அவ்வளவுதான். மகாசேனன் யார், மகாவிகாரைக்கும் அபயகிரிக்கும் என்ன தகராறு, மகாவிகாரையின் எல்லைக்குள் போய் இந்தத் தாதுகோபத்தை அவன் ஏன் கட்டினான் என்பது தெரிந்தவருக்குத்தான் அது கட்டடம். தெரியாதவருக்கு அது மலைதான். அநுராதபுரத்தின் முக்கால்வாசி இடங்கள் இப்படிப்பட்டவை. முன்கூட்டியே படித்துக்கொண்டு போகிறவரோடுதான் அந்த ஊர் கதைக்கும்.

தூரம் இன்னொரு தொல்லை. தெற்கே இசுருமுனியாவுக்கும் வடக்கே அபயகிரிக்கும் இடையில் நேர்கோட்டிலேயே நாலு கிலோமீற்றர் வரும், தெருவழியே இன்னும் கூட. நடுவில் ஸ்ரீ மகாபோதி, ருவன்வெலிசாய, தூபாராமய, ஜேதவனாராமய, குட்டம் பொக்குண என்ற இரட்டைக் குளம், சமாதி புத்தர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். கிழக்கே பதின்மூன்று கிலோமீற்றரில் மிகிந்தலை. முப்பது பேர் பஸ்ஸில் ஏறி இறங்கி எண்ணிக்கை பார்த்து மறுபடி ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

தூரத்தையும் விட முக்கியமான ஒன்று உண்டு. அநுராதபுரம் இன்றும் வழிபாட்டுத் தலம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சங்கமித்தை கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்ததாகப் போற்றப்படும் வெள்ளரசு மரத்தின் கீழே, வெள்ளை உடுப்போடு, கையில் தாமரைப்பூத் தட்டோடு, தூர இடங்களிலிருந்து வந்த கிழவிகள் உட்கார்ந்து பிரித் ஓதிக்கொண்டிருப்பார்கள். பொசன் போயா என்றால் லட்சக்கணக்கில் சனம். வாழ்நாளில் ஒரு முறையாவது வரவேண்டும் என்று காசு சேர்த்து வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நடுவில் "அரை மணித்தியாலம்தான்" என்று கத்திக்கொண்டு ஓடுகிற ஒரு வகுப்பு எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம். நல்லூர்த் தேரன்று யாராவது அப்படி ஓடினால் யாழ்ப்பாணத்தில் என்ன சொல்வார்கள்?

பொலன்னறுவை வேறு மாதிரி. அது தலைநகராக இருந்தது ஏறக்குறைய இருநூறு ஆண்டு மட்டும். 1017இல் சோழர் கையில் அநுராதபுர அரசு முடிந்தபின் எழுந்து, 1215இல் கலிங்க மாகன் படையெடுத்ததோடு சரியத் தொடங்கிய நகரம். கதை சின்னது, ஆட்கள் கொஞ்சம், இடமும் கைக்கடக்கம். அரண்மனையிலிருந்து கல் விகாரை வரை சுமார் மூன்று கிலோமீற்றர், வழியெல்லாம் மரநிழல். ஒரு சைக்கிள் இருந்தால் காலையில் தொடங்கி, மத்தியானம் சாப்பிட்டு, பின்னேரம் முடித்துவிடலாம். முன்கூட்டி எதுவும் படிக்காதவருக்குக்கூட மதில் மதிலாகவும் அரண்மனை அரண்மனையாகவும் தெரியும் இடம் அது.

இவ்வளவும் வசதிக் கணக்கு. ஆனால் தமிழ் மாணவர்கள் நிறைந்த வகுப்பில் எழும்புகிற உண்மையான கேள்வி வசதி பற்றியது இல்லை. அதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை, பக்கத்தில் இருப்பவரின் காதுக்குள் கேட்பார்கள். "அங்க எங்களுக்கு என்ன இருக்கு?"

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கொழும்புக்கு ரயிலில் போகும்போதெல்லாம் அநுராதபுரத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு அதே மாதிரிப் பொலன்னறுவை. ஸ்டேஷன் பெயர்ப்பலகையும் கடலை விற்கிறவரின் குரலும்தான் அவர்களுக்குத் தெரிந்த அநுராதபுரமும் பொலன்னறுவையும். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. அதற்குக் காரணம் உண்டு. 1958 கலவரத்திலும் 1977 கலவரத்திலும் இந்த ஊர்களில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 1985 மே 14இல் விடுதலைப் புலிகள் அநுராதபுர பஸ் நிலையத்திலும் ஸ்ரீ மகாபோதி வளவிலும் சுட்டதில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள், அவர்களில் கும்பிட வந்தவர்களும் இருந்தார்கள். பெற்றோர் சிலர் இன்றைக்கும் "அங்க எல்லாம் என்னத்துக்கு?" என்று இழுப்பதற்குப் பின்னால் இதெல்லாம் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு அது பாட்டி சொன்ன கதை. பெற்றோருக்கு அப்படி இல்லை.

அதனால் அந்தக் காதுக்குள் கேள்வியை மரியாதையாக எடுத்துக்கொண்டு பதில் தேடத்தான் வேண்டும். அநுராதபுரத்தில் பதில் இல்லாமல் இல்லை. எல்லாளன் 44 ஆண்டு அங்கிருந்து ஆண்டான் என்று மகாவம்சமே சொல்கிறது. அவனை வென்ற துட்டகைமுனு, அவனது சமாதியைக் கடக்கும்போது வாத்தியங்களை நிறுத்த வேண்டும் என்று கட்டளை போட்டான் என்றும் அதே நூல் சொல்கிறது. ஆனால் அந்தச் சமாதியைக் காட்டு என்றால் காட்ட முடியாது. எல்லாளன் சமாதி என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பிய பெரிய மேடு, தோண்டிப் பார்த்தபோது தக்கிண விகாரையின் தாதுகோபம் என்று பரணவிதான முடிவு கட்டினார். அபயகிரிப் பக்கத்தில் தமிழ் இல்லத்தாருக்கு உரிய மேடை ஒன்றும், கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துப் பிராமி எழுத்துக் கல்வெட்டும் உண்டு. யார் யார் எந்த ஆசனத்தில் உட்காருவது என்பதும் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது, அதில் ஒருவர் கப்பல்காரர். அருமையான சான்று! ஆனாலும் பாறையும் சில கீறல்களும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த மொழியும் பிராகிருதம். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒரு மாணவர் அதைப் பார்த்து மெய்சிலிர்ப்பார் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

பொலன்னறுவையில் அந்தப் பதில் கல்லில் கட்டிய கோவிலாக நிற்கிறது, உள்ளேயும் போகலாம். தொல்பொருள் ஆட்கள் வைத்த பெயர் "இரண்டாம் சிவ தேவாலயம்". ஏதோ அரசாங்கக் கோப்பு இலக்கம் மாதிரியான பெயர். கல்வெட்டில் உள்ள பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம். வானவன்மாதேவி முதலாம் இராசராசனின் அரசி, இராசேந்திரனின் தாய். சோழர்கள் பொலன்னறுவைக்கு வைத்த பெயர் ஜனநாதமங்கலம். ஜனநாதன் என்பதும் இராசராசனின் பட்டப்பெயர்தான். ஊருக்கு அப்பன் பெயர், கோவிலுக்கு அம்மாவின் பெயர்.

கோவில் மிகச் சின்னது. தஞ்சாவூரைக் கற்பனை செய்துகொண்டு போகிறவர் ஏமாந்து போவார். ஆனால் அடியிலிருந்து விமான உச்சி வரை கல்லாலேயே கட்டி, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் முழுசாக நிற்கிறது. பொலன்னறுவையில் இன்று நிற்கிற கட்டடங்களில் மிகப் பழையது இது என்பது பொதுவான கருத்து. சுற்றிவர உள்ள பிரமாண்டமான செங்கல் மாளிகைகளில் பெரும்பாலானவை கூரையை இழந்துவிட்டன. இதற்குத் தலை இருக்கிறது. வெளியே நந்திகள், உள்ளே லிங்கம். யாரோ வைத்துவிட்டுப் போன பூ பல நாட்களில் அதன் மேல் இருக்கும். சுவரிலே தமிழ் எழுத்து. நின்று நிதானமாகப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எழுத்துகளை இன்றைய பிள்ளையும் கூட்டி வாசித்துவிடலாம். அதிராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டும் இங்கே கிடைத்திருக்கிறது. அவன் அரசாண்டதே சில மாதங்கள்தான்!

அரண்மனைப் பக்கத்தில் உள்ள "முதலாம் சிவ தேவாலயம்" இலக்கத்தில் முதலாவது, வயதில் பிந்தியது. பதின்மூன்றாம் நூற்றாண்டு, பாண்டியர் பாணி. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் தாள்கூட நுழையாது என்று சொல்லும்படி இழைத்து வைத்திருக்கிறார்கள். மேல்பகுதி போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பக்கத்தைத் தோண்டியபோதுதான் வெண்கலச் சிலைகள் கொத்தாக வெளியே வந்தன. நடராசர், பார்வதி, சுந்தரர், காரைக்கால் அம்மையார். அந்தக் காரைக்கால் அம்மையாரை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். எலும்பும் தோலுமாக, வற்றிய முலையோடு, கையில் தாளத்தோடு, வாய் நிறையச் சிரிப்போடு உட்கார்ந்திருக்கிறார். அழகைத் தனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த ஒரு பெண்ணுக்கு இவ்வளவு அழகான சிலை! பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலங்கள் சில கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, சில பொலன்னறுவை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இன்னும் ஒரு கல் இருக்கிறது. அதை அநேகமாக எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். வட்டதாகே இருக்கிற உயர்ந்த முற்றத்தில், அட்டதாகேக்குப் பக்கத்தில் ஒரு நீளமான பலகைக் கல். முழுக்கத் தமிழ் எழுத்து. சோழரை 1070இல் விரட்டிய முதலாம் விஜயபாகு புத்தரின் புனிதப் பல்லுக்காக அட்டதாகேயைக் கட்டினான். அவன் இறந்த பிறகு, அந்தப் பல் வைக்கப்பட்ட ஆலயத்தைக் காப்பது தங்கள் பொறுப்பு என்று வேளைக்காரப் படையினர் ஒப்புக்கொண்டு வெட்டுவித்த சாசனம் இது. கேட்டுக்கொண்டவர் முகலன் என்ற பெரிய தேரர். ஒப்புக்கொண்டவர்கள் வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் என்று பல பிரிவினர். அவர்களில் யார் என்ன சாமியைக் கும்பிட்டார்களோ, தலதாவைக் காப்போம் என்று தமிழில் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். "அங்க எங்களுக்கு என்ன இருக்கு" என்று கேட்ட பிள்ளையை இந்தக் கல்லின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். அதே கல்லின் முன்னால், "இங்க அவங்களுக்கு என்ன இருக்கு" என்று கேட்கிற வேறு பிள்ளைகளையும் நிறுத்தலாம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. சோழப் பெருமை பார்ப்பதற்காக மட்டும் பொலன்னறுவைக்குப் போவதானால் போகாமலே இருக்கலாம். சிலர் அப்படித்தான் போகிறார்கள். இரண்டு சிவ தேவாலயத்துக்கும் முன்னால் நின்று மீசையை முறுக்கிப் படம் எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பொலன்னறுவையில் சோழர் இருந்தது அரை நூற்றாண்டு சொச்சம். சோழர்கள் அநுராதபுரத்து விகாரைகளை உடைத்துத் தாதுக்களோடு இருந்த செல்வத்தை அள்ளிக்கொண்டு போனதாகச் சூளவம்சம் சொல்வதையும் அதே மூச்சில் நினைக்க வேண்டும். படையெடுத்து வந்தவன் எந்த மொழி பேசினாலும் படையெடுத்து வந்தவன்தான்.

பொலன்னறுவையின் பெரிய மனிதன் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. பராக்கிரம சமுத்திரம் என்று பெயர் வைத்தது வீண் பேச்சில்லை. அணைக்கட்டில் நின்று பார்த்தால் மறுகரை மங்கலாகத்தான் தெரியும். அந்தத் தண்ணீரில் இன்றைக்கும் வயல் விளைகிறது. அரண்மனை ஏழு மாடி என்கிறது சூளவம்சம். இப்போது நிற்பது மூன்று மீற்றர் தடிப்பான செங்கல் சுவர்கள் மட்டும், மேல்மாடி உத்தரங்கள் செருகிய பொந்துகள் அப்படியே தெரிகின்றன. லங்காதிலகத்தின் இரண்டு சுவர்களுக்கு இடையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தலையில்லாத பெரிய புத்தர் நிற்பார். கூரையும் இல்லாததால் அவருக்கு மேலே வானம்தான்.

அவனுக்குப் பின்வந்த நிசங்கமல்லனைப் பற்றி ஒரு பந்தி எழுதாமல் விட முடியாது. 1187 முதல் 1196 வரை ஒன்பது ஆண்டு ஆண்டான். அதற்குள் நாடு முழுவதும் கல்லைக் கண்ட இடமெல்லாம் தன்னைப் பற்றி எழுதி வைத்தான். "கல் பொத்த" என்ற கல்வெட்டு எட்டு மீற்றர் நீளமான ஒரே பாறை, எடை 25 தொன் என்கிறார்கள். அதை மிகிந்தலையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்ததாக அந்தக் கல்லே சொல்கிறது. கட்அவுட் வைக்கிற இன்றைய அரசியல்வாதிகள் எல்லாம் இவனிடம் பாடம் கேட்க வேண்டும். புத்த சமயத்தவர் அல்லாத சோழரையும் கேரளரையும் இலங்கையின் சிம்மாசனத்தில் ஏற்றக்கூடாது என்று எழுதியவன் இவன். இராமேஸ்வரத்தில் நிசங்கேஸ்வரம் என்று தன் பெயரில் ஒரு கோவில் கட்டியதாக எழுதியவனும் இவனே! அரசியலுக்கு ஒரு வாய், புண்ணியத்துக்கு ஒரு வாய். பாடப்புத்தகத்தில் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிற "சிங்கள அரசன், தமிழ் அரசன்" என்ற இரண்டு பெட்டிகளில் எதற்குள்ளும் இந்த மனிதன் ஒழுங்காக அடங்க மாட்டான்.

இரண்டு ஊரையும் ஒரே கல்லில் ஒப்பிட வேண்டும் என்றால் சந்திரவட்டக்கல்லைப் பார்க்கலாம். வாசற்படிக்குக் கீழே அரைவட்டமாகப் பதித்து, மிதித்து ஏறுகிற கல். அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில் யானை, குதிரை, சிங்கம், காளை என்று நாலு மிருகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பொலன்னறுவை வட்டதாகேயின் கல்லில் யானை ஓடுகிறது, குதிரை ஓடுகிறது, காளையைக் காணோம். நந்தியைக் கும்பிடுகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும்போது காளையை மிதிபடுகிற இடத்தில் வைப்பது சரியில்லை என்று எடுத்துவிட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்தச் சிற்பி என்ன நினைத்து விட்டான் என்பது அவனோடு போயிற்று. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் மனம் நோகாமல் இருக்க ஒரு மிருகத்தைக் குறைத்தார்கள் என்ற விளக்கத்தைச் சொல்லக்கூடிய ஊராகப் பொலன்னறுவை இருந்திருக்கிறது.

அநுராதபுரம் யாருக்கு? மூன்று நாலு நாள் உள்ளவருக்கு. வரலாறு பாடமாக எடுத்தவருக்கு. தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ போகிறவருக்கு. வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் போதி மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருக்கப் பொறுமை உள்ளவருக்கு. அப்படிப் போகிறவருக்கு அதைவிடப் பெரிய ஊர் இந்தத் தீவில் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது வழியிலேயே இருப்பதால் எப்போதும் இறங்கலாம், அவசரமே இல்லை. முப்பது பேர் கொண்ட பஸ்ஸுக்கு மட்டும் அது வேண்டாம்.

பொலன்னறுவைக்குப் போவதென்று முடிவெடுத்தவர்களுக்குச் சில விஷயங்கள். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் இறங்குகிற ஸ்டேஷன் பழைய நகரத்தில் இல்லை, நாலு கிலோமீற்றர் தள்ளிக் கதுருவெலவில் இருக்கிறது. பெரிய பஸ் நிலையமும் அங்கேதான். பயப்பட வேண்டாம், கதுருவெலக் கடைகளில் தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரிகள் நிறையப் பேர். வழி கேட்டால் சொல்வார்கள். அங்கிருந்து பஸ்ஸோ ஓட்டோவோ பிடித்துப் பழைய நகரத்துக்கு வந்து, வாடகைக்குச் சைக்கிள் எடுக்க வேண்டும். முப்பது சைக்கிள் ஒரே கடையில் கிடைப்பது கஷ்டம், முதலே சொல்லி வைப்பது புத்தி. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ லீவுக்கு வந்த மச்சான்மாரைக் கூட்டிப் போகிறவர்கள், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் நுழைவுச்சீட்டு டொலர் கணக்கில்தான் என்பதை அவர்களுக்கு வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும். வாசலில் சொன்னால் சண்டை வரும்.

முதலில் அருங்காட்சியகம். எல்லோரும் கடைசிக்குத் தள்ளிக் களைத்துப்போய் விட்டுவிடுவது அதைத்தான். அங்கே இடிந்த கட்டடங்கள் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று மாதிரி உருவங்கள் செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் மொட்டைத் தூண்களுக்குக் கூரை தானாக முளைக்கும். பிறகு அரண்மனை, முதலாம் சிவ தேவாலயம், வட்டதாகே முற்றம். முற்றத்தில் செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும். பத்து மணிக்குப் பிறகு கல் அடுப்பு மாதிரிச் சுடும், ஒரு சோடி பழைய சொக்ஸ் கொண்டுபோனவர் பாக்கியவான். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று படம் எடுப்பது அறவே கூடாது, அது அங்கே பெரிய அவமரியாதை. முற்றத்திலிருந்து வடக்கே போகிற வழியில் இரண்டாம் சிவ தேவாலயத்துக்கு ஒரு கிளைப் பாதை பிரியும். பஸ்ஸில் வருகிறவர்கள் தவறவிடுவது இந்தத் திருப்பத்தைத்தான்.

கல் விகாரையைப் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒரே பாறையில் வரிசையாக வெட்டிய சிலைகள். இருக்கிற புத்தர், நிற்கிற உருவம், 14 மீற்றர் நீளத்துக்குச் சாய்ந்து படுத்திருக்கும் புத்தர். கையை மார்போடு கட்டிக்கொண்டு நிற்கிற உருவம் ஆனந்தரா, புத்தரேதானா என்று அறிஞர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. படுத்திருக்கிற தலைக்குக் கீழே உள்ள தலையணையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தலையின் பாரத்தில் தலையணை இலேசாக அமுங்கியிருக்கும். கருங்கல்லில் செதுக்கிய தலையணை! எதிரே உள்ள பாறையில் ஏறி உட்கார்ந்து, வெயில் சாயும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அரை மணித்தியாலம் என்று யாராவது கையைத் தட்டினால் அந்த ஆளையும் பக்கத்தில் உட்கார வைத்துவிட வேண்டியதுதான். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க இருட்டும் வரை நேரம் உண்டு.